இச்சிக்கு குபோட்டா

இச்சிக்கு குபோட்டா (அக்டோபர் 7, 1917 - ஏப்ரல் 26, 2003) ஜப்பான் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற துணிச் சாயக் கலைஞர் ஆவார். பதினேழாம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்துபோன சுஜிகஹானா என்னும் பட்டுச் சாயக் கலையைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்து, அதன் அடிப்படையில் இச்சிக்கு சுஜிகஹானா என்ற புதிய முறையை உருவாக்கியவர் இவரே. கையால் தைத்தும் நூலால் இறுகக் கட்டியும் பல முறை சாயமேற்றப்பட்ட இவருடைய பட்டுக் கிமோனோக்கள், உடை என்ற நிலையைக் கடந்து ஓவியங்களாகக் கருதப்படுகின்றன. பருவங்களின் மாற்றத்தைத் தொடர்ச்சியான கிமோனோக்களில் காட்டும் ஒளியின் சிம்பொனி என்னும் வரிசை இவருடைய முதன்மைப் படைப்பு ஆகும். 80 கிமோனோக்களாகத் திட்டமிடப்பட்ட இவ்வரிசை, இவர் மறைந்தபோது பாதிக்கும் குறைவாகவே நிறைவடைந்திருந்தது.

இளமைக் காலம்

குபோட்டா 1917 ஆம் ஆண்டில் டோக்கியோ நகரின் காண்டா பகுதியில் பிறந்தார். சிறுவயதிலேயே ஓவியம் வரைவதில் நாட்டம் கொண்டிருந்தார். 14 ஆம் வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, கோபயாஷி கியோஷி என்னும் சாயக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அக்காலத்தில் ஜப்பானியக் கைத்தொழில்களைக் கற்கும் முறை நம் நாட்டுக் குருகுல முறையை ஒத்திருந்தது. மாணவன் ஆசிரியருடைய பட்டறையில் ஏவல் வேலைகளைச் செய்துகொண்டே தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும்.

கோபயாஷி கற்பித்தது யூசென் என்னும் முறையாகும். அரிசிப் பசையைக் கூம்பு வடிவக் குழலிலிருந்து பிழிந்து துணியின் மீது மெல்லிய கோடுகளாக வரைவர். பசை படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளைத் தூரிகையால் வண்ணம் தீட்டி, நீராவியில் அவித்து, இறுதியில் பசையைக் கழுவி நீக்குவர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கியோட்டோ நகரில் வாழ்ந்த மியாசாக்கி யூசென் என்னும் விசிறி ஓவியரின் பெயரால் இம்முறை அழைக்கப்படுகிறது. இதனுடன் உருவப்படம், இயற்கைக் காட்சி ஆகியவற்றை வரையும் மரபுகளையும் குபோட்டா பயின்றார். இருபது வயதை எட்டும் முன்பே தனித்துத் தொழில் செய்யும் தகுதியைப் பெற்றார்.

ஒரு துணித் துண்டு

குபோட்டா தம் 20 ஆம் வயதில் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் நிறுவனத்திற்குச் சென்றபோது, அங்கு வைக்கப்பட்டிருந்த பழைய பட்டுத் துண்டு ஒன்றைக் கண்டார். அது சுஜிகஹானா முறையில் சாயமிடப்பட்டது. பல நூற்றாண்டுகளைக் கடந்த அத்துண்டு அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றியது. கைவேலையின் செறிவும் சாயத்தின் மென்மையும் அவரை ஈர்த்தன. யூசென் தொழிலில் தேர்ச்சி பெற்றிருந்த அவருக்கும் அது எவ்வாறு செய்யப்பட்டது என்பது விளங்கவில்லை. அக்கலையைக் கற்றுத்தரும் ஆசிரியர் எவரும் நாட்டில் இல்லை. செய்முறையை விளக்கும் நூலும் இல்லை. எஞ்சியிருந்தவை சில உடைகளும் துண்டுத் துணிகளுமே. இக்கலையை மீட்பது தம் வாழ்நாள் பணி என்று குபோட்டா அன்றே முடிவு செய்தார். எனினும் அப்பணியைத் தொடங்குவதற்கு அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சுஜிகஹானா - வரலாறு

துணியைக் கட்டியும் தைத்தும் மடித்தும் சாயம் ஏறாமல் தடுத்து வடிவங்களை உண்டாக்கும் முறைகள் அனைத்தும் ஜப்பானிய மொழியில் ஷிபோரி எனப்படுகின்றன. பிழிதல், இறுக்குதல் என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நாரா நகரில் உள்ள ஷோசோயின் என்னும் அரசக் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கட்டுச் சாயத் துணிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

சுஜிகஹானா இம்மரபின் உயர்ந்த வடிவம் ஆகும். முரோமாச்சி காலத்தின் பிற்பகுதியில் தோன்றி, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உச்சநிலையை அடைந்தது. சுஜி என்பது தெருக்கள் கூடும் சந்தியையும் ஹானா என்பது பூவையும் குறிக்கும். ஆகவே இச்சொல்லை நாற்சந்திப் பூக்கள் என்று தமிழில் கூறலாம். ஆயினும் இப்பெயர் இக்கலைக்கு ஏன் வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை.

இக்கலையில் முதலில் வடிவத்தின் விளிம்பு நூலால் தைக்கப்படுகிறது. நூலை இழுத்து இறுக்கும்போது துணி சுருங்கி, விளிம்புக்கு உட்பட்ட பகுதி தனியே பிரிகிறது. அப்பகுதியை உறையிட்டு மூடிச் சாயத்தில் தோய்ப்பர். பிரித்த பின்னர் கரிய மையால் பூக்களின் நரம்புகளும் இதழ்களின் நிழலும் நுண்ணிய கோடுகளாக வரையப்படும். சில துணிகளில் பொன், வெள்ளித் தகடுகள் ஒட்டப்பட்டும் பூவேலை செய்யப்பட்டும் இருக்கும்.

சுஜிகஹானா உடைகளுள் தோபுக்கு என்னும் மேலங்கிகள் குறிப்பிடத்தக்கவை. கிமோனோவின் மீது முன்புறம் திறந்த நிலையில் அணியப்படும் இக்குட்டை அங்கியே, பின்னாளில் ஹவோரி என்று அழைக்கப்படும் பட்டு மேலங்கிக்கு முன்னோடி ஆகும். போர்த்தலைவர்கள் தமக்கு உதவியவர்களுக்குத் தாம் அணிந்த தோபுக்கைப் பரிசாக வழங்குவது வழக்கம். தோயோதோமி ஹிதேயோஷி 1590 ஆம் ஆண்டளவில் வடபகுதியை ஆண்ட நம்பு குடியினருக்கு வழங்கிய மேலங்கியும், தோக்குகாவா இயேயாசு 1603 ஆம் ஆண்டில் இவாமி வெள்ளிச் சுரங்கத்தைச் சேர்ந்த யாசுஹாரா தென்பேய் என்பவருக்கு வழங்கிய கிராம்பு வடிவ மேலங்கியும் இன்றுவரை அழியாமல் உள்ளன. பரிசாகப் பெற்ற குடும்பங்களும் கோயில்களும் இவற்றைப் பொன்போல் காத்து வந்ததே இதற்குக் காரணம் ஆகும்.

இக்கலை மறைந்ததற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவை பின்வருமாறு:

* யூசென் முறை பரவியதால், தையலும் கட்டும் இன்றியே நுட்பமான ஓவியங்களைத் துணியில் வரைய முடிந்தது. வேலையும் விரைந்து முடிந்தது.
* சுஜிகஹானாவிற்கு ஏற்ற நெரிநுக்கி என்னும் பட்டுத்துணி வழக்கொழிந்தது. பாவில் பசை நீக்காத பச்சைப் பட்டும் ஊடையில் பசை நீக்கிய பட்டும் கொண்டு நெய்யப்பட்ட இத்துணி, மெல்லியதாகவும் அதே வேளையில் விறைப்பாகவும் இருந்தது. தையல் நூலை இழுத்து இறுக்க அது மிகவும் உகந்தது.
* மக்களின் சுவை மாறியது. நாகரிக நகரங்களில் வணிகர்கள் செல்வம் பெற்றபோது புதிய பாணி உடைகள் விரும்பப்பட்டன.

போரும் சிறையும்

இரண்டாம் உலகப் போரின்போது குபோட்டா படையில் சேர்க்கப்பட்டார். 1945 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜப்பான் சரணடைந்தபோது, சோவியத் படைகளிடம் சிக்கிய ஜப்பானிய வீரர்கள் சைபீரியாவிற்கும் சோவியத் ஒன்றியத்தின் பிற பகுதிகளுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். இவ்வாறு கொண்டு செல்லப்பட்டோரின் எண்ணிக்கை ஏறத்தாழ 6 இலட்சம் ஆகும். கடுங்குளிர், பசி, நோய், ஓயாத உழைப்பு ஆகியவற்றால் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே உயிரிழந்தனர். குபோட்டாவும் சைபீரிய முகாமில் அடைக்கப்பட்டார்.

முகாமில் இருந்த காலத்தில் அவர் கண்ட சூரிய மறைவுக் காட்சிகள் அவருடைய மனத்தில் ஆழப் பதிந்தன. பனி மூடிய சமவெளியின் மீது பரவிய செந்நிறமும், அது ஊதாவாகவும் சாம்பலாகவும் மெல்ல மாறியதும் பின்னாளில் அவருடைய கிமோனோக்களில் இடம்பெற்றன. அவருடைய படைப்புகளில் வானமும் கதிரவனும் பனியும் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்கு இவ்வனுபவமே அடிப்படை என்பர். 1948 ஆம் ஆண்டில் அவர் விடுதலை பெற்று நாடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

ஆய்வுக் காலம்

போரில் அழிந்திருந்த டோக்கியோவில் விலையுயர்ந்த பட்டு உடைகளை வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். குபோட்டா தமக்குத் தெரிந்த யூசென் தொழிலைச் செய்து பிழைப்பு நடத்தினார். சில ஆண்டுகளில் அத்தொழிலில் நல்ல நிலையையும் அடைந்தார். எனினும் இளமையில் கண்ட பட்டுத் துண்டை அவர் மறக்கவில்லை. நாற்பது வயதை எட்டும் காலத்தில், வருவாய் தந்துகொண்டிருந்த யூசென் வேலையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சுஜிகஹானா ஆய்வில் முழுமையாக இறங்கினார். குடும்பத்தைக் காக்க வேண்டிய ஒருவர் நடுவயதில் எடுத்த இம்முடிவு எளிதானது அன்று. ஆய்வுக்கு ஆன பட்டும் சாயமும் விலை மிகுந்தவை. சோதனைகள் பெரும்பாலும் தோல்வியில் முடிந்தன.

தொடக்கத்தில் பழைய முறையை உள்ளவாறே மீட்டெடுக்க முயன்றார். இதில் இரண்டு தடைகள் குறுக்கிட்டன. முதலாவது, நெரிநுக்கி பட்டு கிடைக்கவில்லை. இரண்டாவது, தாவரச் சாயங்களைக் கொண்டு பல அடுக்குகளாக நிறமேற்றும்போது அவர் மனத்தில் இருந்த நிறங்கள் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் முயன்ற பின்னர், பழைய துணியைப் படியெடுப்பதைக் கைவிட்டு, அக்கலையின் அடிப்படையைக் கொண்டு தமக்குரிய முறையை உருவாக்குவது என்று தீர்மானித்தார். சிரிமென் என்னும் கிரேப் பட்டையும் செயற்கைச் சாயங்களையும் அவர் ஏற்றுக்கொண்டார். சிரிமென் பட்டில் ஊடை நூல் மிகுதியாக முறுக்கப்பட்டிருக்கும். நெய்த பின்னர் பட்டின் பசையை நீக்கும்போது முறுக்கு தளர முயல்வதால் துணியின் பரப்பில் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றுகின்றன. இப்பரப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் சாயம் ஆழமாகத் தெரிகிறது.

இம்முறைக்குத் தம் பெயரையே சேர்த்து இச்சிக்கு சுஜிகஹானா என்று பெயரிட்டார். பழைய கலையை அப்படியே மீட்டுவிட்டதாக அவர் உரிமை கொண்டாடவில்லை என்பதை இப்பெயரே காட்டுகிறது. தாம் செய்தவற்றில் நிறைவு கொள்ளாததால் நெடுங்காலம் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. 1977 ஆம் ஆண்டில், தமது 60 ஆம் வயதில்தான் அவருடைய சுஜிகஹானா படைப்புகளின் முதல் கண்காட்சி டோக்கியோவில் நடைபெற்றது. பட்டுத் துண்டைக் கண்ட நாளுக்கும் இக்கண்காட்சிக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

செய்முறை

குபோட்டாவின் கிமோனோ ஒன்றை உருவாக்க ஏறத்தாழ ஓராண்டு காலம் தேவைப்படும். இதன் படிநிலைகளைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்.

* வரைதல்: வெள்ளைப் பட்டைக் கிமோனோ வடிவில் தற்காலிகமாக இணைத்து, ஒருவகைப் பூவிலிருந்து எடுக்கப்படும் நீல மையால் வடிவம் வரையப்படுகிறது. இம்மை நீர் பட்டால் அழிந்துவிடும். வரைந்த பின்னர் துணி மீண்டும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிக்கப்படுகிறது.
* தைத்தலும் கட்டுதலும்: கோடுகளின் மீது ஓட்டுத் தையல் இடப்பட்டு, நூல் இழுத்து இறுக்கப்படுகிறது. சாயம் ஏறக்கூடாத பகுதிகள் நெகிழித் தாளால் மூடப்பட்டு நூலால் வரிந்து கட்டப்படுகின்றன.
* சாயமிடுதல்: துணியைத் தொட்டியில் தோய்ப்பதற்குப் பதிலாகத் தூரிகையால் சாயம் பூசப்படுகிறது. இதனால் ஒரே கட்டுக்குள்ளும் பல நிறங்களை ஒன்றோடொன்று கலக்கச் செய்யலாம்.
* அவித்தல்: நீராவியில் அவிக்கும்போது சாயம் பட்டு இழையில் நிலைபெறுகிறது. பின்னர் துணி அலசப்பட்டுக் கட்டுகள் பிரிக்கப்படுகின்றன.
* மீண்டும் கட்டுதல்: பிரித்த துணி மீண்டும் தைக்கப்பட்டு, கட்டப்பட்டு, அடுத்த அடுக்குச் சாயம் ஏற்றப்படுகிறது. இவ்வாறு பல முறை செய்யப்படுவதால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஆழம் பெறுகின்றன.
* நிறைவு வேலை: மையால் நுண்கோடுகள் வரைதல், பூவேலை, பொன் தகடு ஒட்டுதல் ஆகியவை இறுதியில் செய்யப்படுகின்றன. பின்னர் பட்டைகள் இணைக்கப்பட்டுக் கிமோனோவாகத் தைக்கப்படுகிறது.

கட்டுகளைப் பிரித்த பின்னர் துணியில் எஞ்சும் சுருக்கங்களைக் குபோட்டா முற்றிலும் தேய்த்து நீக்குவதில்லை. மேடும் பள்ளமுமாக நிற்கும் அப்பரப்பு, மலையின் மடிப்புகளையும் நீரின் அலைகளையும் காட்டப் பயன்பட்டது. சிலவற்றில் பொன்னிழை கலந்து நெய்த பட்டும் பயன்படுத்தப்பட்டது. எந்த நிலையில் தவறு நேர்ந்தாலும் சாயத்தைத் திரும்ப எடுக்க இயலாது. ஆகவே ஒரு பட்டையில் நேரும் பிழை பல மாத உழைப்பை வீணாக்கிவிடும்.

இந்தியக் கட்டுச் சாயத்துடன் ஒப்பீடு

தமிழக வாசகர்களுக்கு இக்கலை முற்றிலும் அயலானது அன்று. மதுரையில் வாழும் சௌராட்டிர சமூகத்தினர் நெடுங்காலமாகச் செய்துவரும் சுங்குடிச் சேலைகளும் கட்டுச் சாய முறையிலேயே உருவாயின. துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் தோய்த்துப் பிரிக்கும்போது ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும். மதுரைச் சுங்குடிக்கு 2005 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. குசராத்து, இராசசுத்தான் ஆகிய மாநிலங்களின் பந்தனி துணிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கட்டுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பந்தனி என்ற பெயர் வந்தது.

ஜப்பானில் இதற்கு இணையானது கானோகோ ஷிபோரி ஆகும். மான்குட்டியின் உடலில் உள்ள புள்ளிகளைப் போன்று இருப்பதால் இப்பெயர் பெற்றது. உடை முழுவதும் இப்புள்ளிகளால் நிறைந்த பட்டு மிகுந்த ஆடம்பரமாகக் கருதப்பட்டதால், 1683 ஆம் ஆண்டில் தோக்குகாவா அரசு அதற்குத் தடை விதித்தது.

சுங்குடி, பந்தனி, கானோகோ ஆகியவற்றில் புள்ளியே அடிப்படை. புள்ளிகளை வரிசையாக அடுக்கியே கொடியும் பூவும் உருவாக்கப்படுகின்றன. சுஜிகஹானாவில் தையல் கோடு அடிப்படை ஆகும். ஆகவே ஓர் இலையின் வளைந்த விளிம்பையோ மலையின் முகட்டையோ நேரடியாகத் துணியில் கொண்டுவர முடிகிறது. வெளிர் நிறத்தில் தொடங்கிக் கட்டிக் கட்டி அடர்நிறத்தை நோக்கிச் செல்லும் முறை இரு நாடுகளுக்கும் பொதுவானது.

ஒளியின் சிம்பொனி

முதல் கண்காட்சிக்குப் பின்னர் குபோட்டா தம் வாழ்வின் மிகப்பெரிய திட்டத்தைத் தொடங்கினார். பல கிமோனோக்களை அருகருகே தொங்கவிடும்போது அவை அனைத்தும் சேர்ந்து ஒரே இயற்கைக் காட்சியாகத் தெரிய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். கிமோனோ விரித்த நிலையில் ஆங்கில எழுத்தான டி போன்ற தட்டையான வடிவம் கொண்டது. இரு கைப்பகுதிகளும் விரிந்து நிற்பதால், ஓர் உடையின் கையில் தொடங்கும் மலைச்சரிவு அடுத்த உடையின் கையில் தொடர முடியும். சிம்பொனி வரிசையின் கிமோனோக்கள் அணியும் உடைகளை விடப் பெரியவை. அவை அணிவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இலையுதிர் காலத்தின் செம்மையும் பொன்னிறமும் வரிசையின் தொடக்கத்தில் அமைகின்றன. அவை உடைக்கு உடை மெல்ல மங்கி, குளிர்காலத்தின் வெண்மைக்கும் நீலச்சாம்பலுக்கும் மாறுகின்றன. அருகில் இருக்கும் இரு கிமோனோக்களின் விளிம்பில் நிறங்கள் பொருந்த வேண்டும் என்பதால், ஒவ்வொரு புதிய உடையும் முந்தையதற்கு ஏற்பச் சாயமிடப்பட வேண்டியிருந்தது. ஓராண்டு இடைவெளியில் செய்யப்பட்ட இரு பட்டுத் துணிகளில் ஒரே நிறச்சாயலைக் கொண்டுவருவது சாயத் தொழிலின் மிகக் கடினமான செயல்களுள் ஒன்று. நான்கு பருவங்களையும் 80 கிமோனோக்களில் நிறைவு செய்ய வேண்டும் என்று குபோட்டா திட்டமிட்டார். அறுபது வயதைக் கடந்தபின் தொடங்கிய இத்திட்டத்தைத் தாமே முடிக்க இயலாது போகலாம் என்பதை அறிந்திருந்தும் அவர் அதன் அளவைக் குறைக்கவில்லை. உதவியாளர்களைப் பட்டறையில் பயிற்றுவித்து வந்தார்.

இவ்வரிசையைத் தவிர ஃபுஜி மலையைப் பல்வேறு பொழுதுகளில் காட்டும் கிமோனோக்களும், அண்டவெளியைக் கருப்பொருளாகக் கொண்ட கிமோனோக்களும் அவரால் உருவாக்கப்பட்டன.

வெளிநாட்டுக் கண்காட்சிகள்

1980களிலிருந்து குபோட்டாவின் படைப்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1990 ஆம் ஆண்டில் பிரான்சு அரசு கலை, இலக்கியத்திற்கான செவாலியே விருதினை அவருக்கு வழங்கியது. 1995-1996 ஆம் ஆண்டுகளில் வாசிங்டனில் உள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய கிமோனோக்கள் காட்சிப்படுத்தப்பட்டன. உயிருடன் இருக்கும் ஒரு கலைஞரின் படைப்புகளை இயற்கை வரலாற்றுக்கான அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது குறிப்பிடத்தக்கது. அவர் மறைந்த பின்னர், 2008-2009 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் சான் டியேகோ, கேன்டன் ஆகிய நகரங்களின் கலை அருங்காட்சியகங்களில் சிம்பொனி வரிசை முழுமையாகத் தொங்கவிடப்பட்டது.

அருங்காட்சியகம்

1994 ஆம் ஆண்டில் யாமானாஷி மாவட்டத்தில், ஃபுஜி மலையின் அடிவாரத்தில் உள்ள கவாகுச்சி ஏரியின் கரையில் இச்சிக்கு குபோட்டா கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதன் முதன்மைக் கட்டடம் கூர்நுனிக் கோபுரம் போன்ற கூரையை உடையது. ஆயிரம் ஆண்டுகள் வளர்ந்த ஹிபா மரங்களிலிருந்து எடுக்கப்பட்ட 16 பெரும் உத்திரங்கள் அக்கூரையைத் தாங்குகின்றன. பின்னர் எழுப்பப்பட்ட கட்டடத்தில் ஒக்கினாவா பகுதியின் சுண்ணாம்புப் பாறைகள் பயன்படுத்தப்பட்டன. அதன் வளைந்த தூண்கள் எசுப்பானியக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியின் பாணியை நினைவூட்டுபவை. குபோட்டா சேகரித்த கண்ணாடி மணிகளும் இங்கு வைக்கப்பட்டுள்ளன.

அருங்காட்சியகத்தின் நுழைவாயில் இந்தியாவுடன் தொடர்புடையது. இந்தியாவின் பழைய கோட்டைகளில் இருந்த மரக்கதவுகளை இணைத்து இந்நுழைவாயில் அமைக்கப்பட்டது. செதுக்கு வேலைப்பாடு மிக்க அக்கதவுகளைக் கடந்தே பார்வையாளர்கள் தோட்டத்திற்குள் செல்கின்றனர்.

பழைய ஹவோரிகளும் கட்டுச் சாயமும்

குபோட்டாவின் பணியைப் புரிந்துகொள்ள, அவர் காலத்தில் ஜப்பானிய உடைப் பழக்கம் அடைந்த மாற்றத்தையும் அறிதல் வேண்டும். ஆண்களின் உடையாக இருந்த ஹவோரி, மெய்ஜி காலம் முதல் பெண்களிடையேயும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டுச் சாயமிட்ட பட்டு ஹவோரிகள் நகரப் பெண்களின் விருப்ப உடையாக இருந்தன. போருக்குப் பின்னர் மேலைநாட்டு உடைகள் அன்றாட வழக்கமாயின. கிமோனோவும் ஹவோரியும் திருமணம், தேநீர்ச் சடங்கு போன்ற நிகழ்வுகளுக்கு மட்டுமே என்ற நிலை ஏற்பட்டது. தேவை குறைந்ததால் முடிச்சிடும் கைகளும் குறைந்தன.

வீடுகளின் மரப்பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்டிருந்த பழைய ஹவோரிகள் பின்னர் பழம்பொருள் சந்தைகளுக்கு வந்தன. இன்று உலகின் பல நாடுகளில் அவை விரும்பி வாங்கப்படுகின்றன. கையால் கட்டிய பட்டை அச்சிட்ட போலியிலிருந்து பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. உண்மையான கட்டுச் சாயத்தில் புள்ளிகள் ஒன்றுபோல் மற்றொன்று இராது. துணியில் சிறு மேடுகள் எஞ்சியிருக்கும். நிறத்தின் விளிம்பு கத்தரித்தது போல் அமையாமல் கசிந்திருக்கும். சில இடங்களில் ஊசித் துளைகளையும் காணலாம். அச்சிட்ட துணி தட்டையாகவும் வடிவங்கள் ஒரே அளவிலும் இருக்கும். மதுரைச் சுங்குடியில் கைமுடிச்சையும் அச்சுப் புள்ளியையும் வேறுபடுத்தவும் இவற்றுள் பல பொருந்தும்.

மதிப்பீடு

குபோட்டாவின் பணியைப் பற்றி இரு வகையான கருத்துகள் உள்ளன. மறைந்த ஒரு கலையைத் தனிமனிதராக நின்று உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் என்று ஒரு சாரார் போற்றுகின்றனர். செயற்கைச் சாயம், கிரேப் பட்டு, நெகிழித் தாள் ஆகியவற்றைப் பயன்படுத்திய இம்முறையைப் பதினாறாம் நூற்றாண்டின் சுஜிகஹானாவுடன் ஒன்றாகக் கருத இயலாது என்று மற்றொரு சாரார் கருதுகின்றனர். பழைய சுஜிகஹானாவில் வெற்றிடமும் சிக்கனமான கோடுகளும் சிறப்புற்றிருந்தன. குபோட்டாவின் துணிகளில் வெற்றிடம் அரிது. பரப்பு முழுவதும் சாயத்தாலும் சுருக்கங்களாலும் நிறைந்திருக்கும். எனினும் தைத்து இறுக்கி வடிவத்தைப் பிரிக்கும் அடிப்படை நுட்பம் இரண்டிற்கும் பொதுவானது என்பதில் ஐயம் இல்லை. மரபுக் கலை ஒன்று மூலப்பொருளை இழந்தபின் எவ்வாறு தொடர முடியும் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வு ஒரு விடையாக அமைந்தது.

மறைவு

குபோட்டா 2003 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் தமது 85 ஆம் வயதில் காலமானார். அப்போது ஒளியின் சிம்பொனி வரிசையில் ஏறத்தாழ 30 கிமோனோக்களே நிறைவடைந்திருந்தன. இலையுதிர் காலமும் குளிர்காலமும் உருப்பெற்றிருந்தன. வசந்தமும் கோடையும் பெரும்பாலும் திட்ட நிலையிலேயே நின்றன. அவரிடம் பயின்ற குடும்பத்தினரும் மாணவர்களும் பட்டறைப் பணியைத் தொடர்ந்தனர். பின்னாளில் அவருடைய கிமோனோத் தொகுப்பு பட்டோக் சோடியேவ் என்னும் கலைப்பொருள் சேகரிப்பாளரின் உரிமைக்கு வந்தது. தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் வரிசையின் தொடர்ச்சி அறுந்து அதன் பொருளே சிதைந்திருக்கும்.

காலவரிசை

* 1917 - டோக்கியோவில் பிறப்பு
* 1931 - கோபயாஷி கியோஷியிடம் யூசென் தொழில் பயிலத் தொடங்குதல்
* 1937 - அருங்காட்சியகத்தில் சுஜிகஹானா பட்டுத் துண்டைக் காணுதல்
* 1945 - சோவியத் படைகளிடம் சிறைப்படுதல்
* 1948 - சைபீரியாவிலிருந்து நாடு திரும்புதல்
* 1977 - சுஜிகஹானா படைப்புகளின் முதல் கண்காட்சி
* 1990 - பிரான்சு நாட்டின் செவாலியே விருது
* 1994 - கவாகுச்சி ஏரிக்கரையில் அருங்காட்சியகம் திறப்பு
* 1995 - சிமித்சோனியன் நிறுவனத்தில் கண்காட்சி
* 2003 - மறைவு